சண்டையா, ஆக்சிடென்டா? ஒரு பூக்காரரின் சைக்கிளும் ஒரு காரும்

ரோட்டில் ஒரு கார்க்காரரும் ஒரு சைக்கிள்காரரும் மல்லுக்கு நின்றால் மதுரையில் அது பெரும்பாலும் நின்ற இடத்திலேயே தீர்ந்துபோகும். நாலு பேர் கூடுவார்கள், யாராவது ஒருவர் "விடுங்கண்ணே, அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்பார், சைக்கிள்காரர் ஹேண்டில்பாரை நிமிர்த்திக்கொண்டு கிளம்புவார். கேஸாக ஆவது குறைவு. அப்படி ஆன ஒன்றைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் ஒரே தகராறுக்குள் சட்டம் எந்த இடத்தில் திசை மாறுகிறது, அதில் ஏழையின் பணம் எங்கே காணாமல் போகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழக்கை நான் வேறு பார்த்ததில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராகக் கூடவே இருந்தேன். ஆட்களின் பெயர், ஸ்டேஷன், ஆஸ்பத்திரி எதையும் சொல்லப்போவதில்லை, அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

நடந்தது

2025 தை மாதம், ஒரு முகூர்த்த நாள். பூக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். விடிவதற்கு முன்பே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சரக்கு எடுத்து, கேரியரில் மூட்டையாகக் கட்டி, மேலூர் ரோடு வழியாக நகருக்குள் இருக்கும் கடைக்கு மிதிப்பது அவருக்குப் பல வருடப் பழக்கம். பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும், அன்றைக்கு முகூர்த்தம் வேறு, அதனால் அவர் கையில் புரளும் பணம் மொத்தமும் அந்த மூட்டையில்தான் இருந்தது. பின்னால் ஒரு கார் வந்தது. ஓட்டியவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும், ஐ.டி. வேலை, கார் அவருடைய மைத்துனர் பெயரில். ரோட்டின் இடது ஓரத்தில் மணலும் நிறுத்திப்போட்ட ஆட்டோக்களுமாக இருந்ததால் சைக்கிள் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் போயாக வேண்டும். கார்க்காரர் விடாமல் ஹாரன் அடித்திருக்கிறார், இவருக்கு ஒதுங்க இடமில்லை, கடைசியில் கார் ஒட்டி முந்தியபோது அதன் இடது பக்கக் கண்ணாடி ஹேண்டில்பாரில் இடித்தது. பூக்காரர் இடது கையை ஊன்றி விழுந்தார். மூட்டை அவிழ்ந்து ரோடெல்லாம் மல்லி.

கார் நிற்கவில்லை. ஆனால் கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்ததால் மாட்டிக்கொண்டது. இவர் எழுந்து ஓடி, வலது கையால் டிக்கியில் ஓங்கித் தட்டினார், வாயில் வந்ததைச் சொன்னார். அதை எந்த இடத்திலும் அவர் மறைக்கவில்லை. கார்க்காரர் இறங்கி, "யோவ் பெருசு, வண்டி மேல கை வைக்கிறியா?" என்று சட்டையைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். இவர் மல்லாக்க விழுந்தார். டீக்கடையில் நின்றவர்கள் ஓடிவர, யாரோ ஒருவர் கார்க் கதவில் உதைக்க, கார்க்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எக்ஸ்ரேயில் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வி

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் கேட்பது இதுதான்: சண்டையா, ஆக்சிடென்டா? கேட்பவர் மேல் தப்பில்லை, ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் காயம் எப்படி ஏற்பட்டதாகச் சொல்லப்பட்டது என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். கூட்டிக்கொண்டு வந்த டீக்கடைக்காரர், "கார்க்காரன் ஒருத்தன் தள்ளி விட்டுட்டான் சார்" என்றார். பெயர் தெரியாத ஒருவர் கையால் தள்ளியதில் காயம் என்று பதிவாகிவிட்டது. பிறகு பூக்காரரே கொடுத்த வாக்குமூலமும் அதே தடத்தில் போனது, ஏனென்றால் அவர் மனதில் எரிந்துகொண்டிருந்தது அந்தத் தள்ளுதான். கார் இடித்தது அவருக்கு அன்றாடம் நடக்கிற விஷயம். சின்னப் பையன் ஒருவன் நடுரோட்டில் சட்டையைப் பிடித்ததுதான் தாங்கவில்லை. அவமானத்தைச் சொல்லும் வேகத்தில் இடித்ததைச் சொல்ல விட்டுவிட்டார்.

இங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. மதுரை மாநகரில் விபத்து என்றால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கும், அடிதடி என்றால் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன் பார்க்கும். அந்த ஒரு வரி எந்த ஸ்டேஷன், எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம், காசு யார் தருவது என்பது வரைக்கும் தீர்மானிக்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதில் பார்த்தால், முதல் விழுதல் வேகத்தாலும் அலட்சியத்தாலும் வந்தது. பொது வழியில் ஆபத்தாக வண்டி ஓட்டியதற்குப் பிரிவு 281, ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்த அலட்சியத்தில் எலும்பு முறிந்தால் 125(b), மூன்று வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இரண்டாவது விழுதல் வேறு கதை. அங்கே வண்டிக்கு வேலையே இல்லை, ஒரு மனிதன் இன்னொரு மனிதனை வேண்டுமென்றே தள்ளியிருக்கிறான். சாதாரணக் காயம் என்றால் 115(2), ஒரு வருடம் வரை. கொடுங்காயம் என்றால் 117(2), ஏழு வருடம் வரை சிறையும் அபராதமும். எலும்பு முறிவு எப்போதுமே கொடுங்காயக் கணக்கில்தான் வரும்.

சரி, அப்படியென்றால் எலும்பு எந்த விழுதலில் முறிந்தது?

தள்ளியதில்தான் முறிந்தது என்றால் கார்க்காரருக்குத் தண்டனை கூடலாம், ஆனால் பூக்காரருக்குக் காப்பீட்டுப் பணம் கிடையாது. மூன்றாம் நபர் காப்பீடு என்பது மோட்டார் வாகனத்தைப் பயன்படுத்தியதால் வந்த விபத்துக்குத்தான், இறங்கி நின்று கையால் தள்ளியதற்கு எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் தராது. குற்ற வழக்கு முடியும்போது பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 395இன்கீழ் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம், அல்லது தனியாக சிவில் வழக்குப் போடலாம். இரண்டுமே அந்தத் தனி ஆளின் பாக்கெட்டை நம்பியவை. முதல் விழுதலில் முறிந்தது என்றால் மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம் திறந்திருக்கிறது, கார் யார் பெயரில் இருக்கிறதோ அந்த உரிமையாளர், அவருடைய காப்பீட்டு நிறுவனம் எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டும். ரோட்டில் போகும் சைக்கிள்காரர் அந்த பாலிசிக்கு மூன்றாம் நபர். அவரிடம் லைசென்ஸோ இன்சூரன்ஸோ இருக்க வேண்டிய அவசியமே இல்லை, மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை.

கோபம் ஒரு பக்கம் இழுக்கிறது, காசு இன்னொரு பக்கம் இழுக்கிறது. தெரிந்தவர்கள் சிலர் பூக்காரரிடம் சொன்ன யோசனை, "அண்ணே, தள்ளுனதையே விட்டுருங்க, எல்லாத்தையும் ஆக்சிடென்ட்னு மாத்திச் சொல்லுங்க, லட்சத்துல வரும்." இது நம்மூரில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் யோசனை, நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். பொய் என்பதால் மட்டும் இல்லை. ஏ.ஆரில் ஒன்று, வாக்குமூலத்தில் ஒன்று, தீர்ப்பாயத்தில் இன்னொன்று என்று மூன்று கதை இருந்தால் காப்பீட்டு நிறுவன வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த மனிதரை உரித்து எடுத்துவிடுவார், நிஜமாக நடந்த இடித்தலும் சேர்ந்து பொய்யாகிவிடும். செய்ய வேண்டியது ரொம்ப எளிமையானது: நடந்ததை நடந்த வரிசையில், இரண்டு சம்பவமாகப் பிரித்துச் சொல்வது. முதலில் கண்ணாடி இடித்தது, எப்படி விழுந்தேன், எந்தக் கை ஊன்றியது, எழுந்தபோது வலி இருந்ததா. பிறகு தட்டியது, அவர் இறங்கியது, தள்ளியது, எப்படி விழுந்தேன். விட்டுப்போனதைக் கூடுதல் வாக்குமூலமாகப் புலனாய்வு அதிகாரியிடம் பதிவு செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது, அதைக் கேட்டு வாங்கினோம்.

கேமரா

வழியில் ஒரு ஹோட்டலின் வெளிக் கேமராவில் ரோடு தெரிந்தது. இந்த மாதிரிப் பதிவுகள் சில நாட்களில் தானாகவே அழிந்து, அதன் மேலேயே புதியது ஏறிவிடும், ஆகவே பதிவைக் கைப்பற்றும்படி அன்றைக்கே எழுத்தில் மனு கொடுத்தோம். நாமே போய் செல்போனில் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு வருவதைப் பலர் செய்கிறார்கள், அது வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்குத்தான் உதவும். நீதிமன்றத்துக்குச் சாட்சியச் சட்டத்தின், அதாவது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின், பிரிவு 63 சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு, இருக்க வேண்டும், கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் வழக்கு விழும் இடமே இந்தச் சான்றிதழ்தான்.

பதிவில் இரண்டு விஷயம் தெரிந்தது. முதல் விழுதலில் உடம்பின் முழு எடையும் நீட்டிய இடது கையில் இறங்குகிறது. இரண்டாவதில் மல்லாக்க, இடுப்பு தரையில் படும்படி விழுகிறார், இடது கையை அதற்கு முன்பே நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறார். கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டு முறிவது எலும்பு டாக்டர்கள் அடிக்கடி பார்க்கும் வகை. முறிந்த கையை வைத்துக்கொண்டு ஒருவர் ஓடிப்போய்க் காரைத் தட்டுவாரா என்று கேட்டவர்கள் உண்டு. தட்டியது வலது கை. ஆத்திரத்தில் வலி தெரியாமல் இருப்பதும் நடக்கிறதுதான்.

இதன் பிறகு 281, 125(b) இரண்டையும் சேர்த்துப் பிரிவு மாற்ற அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. தள்ளியதற்கு 115(2), சட்டையைப் பிடித்து நிறுத்தியதற்கு 126(2), அசிங்கமாகத் திட்டியதற்கு 296 அப்படியே நின்றன. இந்த 296, பழைய 294(b), தமிழ்நாட்டில் அடிதடி எஃப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் இருக்கும். சாதாரணக் காயம் என்ற 115(2) மட்டும் இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது, ஆபாச வார்த்தைப் பிரிவு சேர்ந்தால் முடியும்.

பூக்காரருக்கு இதில் மனக்குறை. "தம்பி, தள்ளுனதுக்கு ஒரு வருசம், தெரியாம இடிச்சதுக்கு மூணு வருசமா? எது பெரிய தப்பு?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் 117(2)ஐ வலியுறுத்தியிருந்தாலும் அது நிற்பது சந்தேகம், ஏனென்றால் கொடுங்காயம் உண்டானால் மட்டும் போதாது, கொடுங்காயம் உண்டாக்க நினைத்தார் அல்லது அது நேரும் என்று தெரிந்தே செய்தார் என்பதும் நிரூபணமாக வேண்டும். ஒரு தள்ளுக்கு அதைக் காட்டுவது கஷ்டம்.

எந்தச் செயலால் எந்தக் காயம் என்ற இந்த முடிச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாடு முழுக்கத் தெரிந்த வழக்கு, கிரிக்கெட் வீரராக இருந்து அரசியலுக்கு வந்த நவ்ஜோத் சிங் சித்துவுடையது. 1988 டிசம்பர் 27, பட்டியாலா, வழியை மறித்து நின்ற ஜிப்சி ஜீப்பை எடுக்கச் சொன்னதில் தகராறு, 65 வயது மனிதர் அடிபட்டு இறந்தார். விசாரணை நீதிமன்றம் 1999இல் விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் 2006இல் மூன்று வருடம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் சாதாரணக் காயத்துக்கான பழைய தண்டனைச் சட்டப் பிரிவு 323 மட்டும்தான் நிற்கும் என்று 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது. பிறகு மறுசீராய்வில், 2022 மே 19 அன்று, ஒரு வருடக் கடுங்காவல் விதித்தது. குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர், கிரிக்கெட் வீரர் போல உடல் வலு மிகுந்தவர் அடிக்கும்போது கையே ஆயுதம் ஆகலாம், அடிபட்டவரின் வயதையும் பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒரு மனிதர் செத்தே போன வழக்கில் அந்த ஒரு வருடம் வந்து சேர 33 வருடத்துக்கு மேல் ஆனது. ரோட்டில் இறங்கிக் கை நீட்டும் யாரும் அந்தத் தேதிகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

எதிர் வழக்கு

அன்று மதியமே கார்க்காரர் புகார் கொடுத்தார்: சைக்கிள்காரர் பூட்டுச் சங்கிலியால் என் கார்க் கண்ணாடியை உடைத்தார், ஆள் சேர்த்து அடிக்க வந்தார். இது இப்படிப்பட்ட தகராறுகளில் எழுதப்படாத நடைமுறை. ஒருவர் கேஸ் கொடுத்தால் மற்றவர் ஒன்று கொடுப்பார், இரண்டும் வாபஸ் ஆகும், "சமாதானம்". கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், இரண்டு பக்கமும் பதிவாவதும் சகஜம். அப்படிப் பதிவானால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து யார் முதலில் கை வைத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும், தமிழ்நாடு காவல் நிலையாணை 566 அதற்காகவே இருக்கிறது. இரண்டும் நீதிமன்றம் போனால் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும்.

பூக்காரரை இது உண்மையில் பயமுறுத்தியது, பயப்பட வேண்டியதும்தான். சொத்துச் சேதத்துக்கான 324ஆம் பிரிவில் சேதம் 20,000 ரூபாய்க்குக் கீழே என்றால் ஆறு மாதம் வரை, 20,000 முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு வருடம் வரை, ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து வருடம் வரை. ஒர்க்ஷாப்பில் எழுதி வாங்கும் எஸ்டிமேட் ஒன்று மட்டும் போதும், வழக்கின் கனம் மாறிவிடும். சங்கிலியால் ஆளை அடித்தார் என்று வந்திருந்தால் ஆயுதத்தால் காயம், 118(1), மூன்று வருடம் வரை. 281ஆம் பிரிவும் காருக்கு மட்டும் எழுதியதில்லை, பொது வழியில் எந்த வண்டியையும் ஆபத்தாக ஓட்டுபவருக்கு எல்லாம் பொருந்தும். சிக்னலை மதிக்காமல் குறுக்கே பாயும் சைக்கிள்காரர் மேலும் அது பாயும். அழகர்கோவில் ரோட்டில் காலையில் கூட்டமாகச் சைக்கிள் விடும் தம்பிகள், உரசிப் போகும் காரைத் துரத்திப் பிடித்துக் கண்ணாடியைத் தட்டிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கை கண்ணாடியில் பட்ட நிமிடத்தில் பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தை அவர்களே பாதி காலி செய்து கொடுக்கிறார்கள்.

நல்லவேளை, கேமரா இங்கேயும் பேசியது. முதல் இடித்தலிலேயே கண்ணாடி மடங்கித் தெறிப்பது பதிவில் தெரிந்தது, சங்கிலி எங்கேயும் இல்லை. சைக்கிளுக்கு இவ்வளவு அருகில் கார் வந்தது என்பதைக் கார்க்காரரே தன் புகாரில் ஒப்புக்கொண்டதாகவும் ஆனது. அவருடைய புகார் உண்மைக்கு மாறானது என்று முடிக்கப்பட்டது. கதவில் உதைத்தவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

நிறுத்தாமல் போனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134 அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது, அதே வரியிலேயே கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் விலக்கும் தருகிறது. ஆகவே டீக்கடைக் கூட்டம் ஓடிவந்தபோது கார்க்காரர் கிளம்பியதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கண்ணாடி இடித்து ஆள் விழுந்தபோது அங்கே கூட்டமே இல்லை, அப்போது நிற்காமல் போனதற்கு அந்த விலக்கு உதவாது. பிரிவு 187இல் அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அவர் வக்கீல் எடுத்த இன்னொரு வாதம், திடீர் ஆத்திரமூட்டல். கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலால் காயப்படுத்தினால் 122(1), வெறும் ஒரு மாதம் வரைதான். ஆளை இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறவரின் டிக்கியில் அடிபட்டவர் தட்டுவது கடுமையான ஆத்திரமூட்டலா? ஆத்திரத்தை ஆரம்பித்ததே யார் என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது என்பது என் கணிப்பு.

பணம்

சமாதானப் பேச்சு நடக்காமல் இல்லை. ஊர்க்காரர்கள் சிலர் வந்து, ஒரு தொகையை வாங்கிக்கொண்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பேப்பரில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். கடை பூட்டிக் கிடக்கும் வீட்டில் அந்தப் பணம் பெரிது. ஆனால் அந்தப் பேப்பர் தீர்ப்பாயத்தில் அவருக்கு எதிராகவே நீட்டப்படும். தவிர, 281 போன்ற பிரிவைக் கட்சிக்காரர்கள் தாங்களாகவே சமரசம் செய்து முடிக்கவும் முடியாது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் பி.என்.எஸ்.எஸ். 528இல் ரத்து கேட்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது என்று இரு தரப்புக்கும் சொல்லப்படுவது தவறு.

கோரிக்கை மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், 2022 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) அப்படித்தான். அதற்குள் போட்டாயிற்று. காப்பீட்டு நிறுவனம் எதிர்பார்த்தபடியே மூன்று ஆட்சேபம் வைத்தது. ஒன்று, ஏ.ஆரில் அடிதடி என்றுதானே இருக்கிறது. இதற்கு 2009இல் ஹிமாச்சல் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது துணை: தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கு அளவுக்குச் சந்தேகமில்லாத நிரூபணம் வேண்டாம், எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். இரண்டாவது ஆட்சேபம்தான் விஷமமானது: விடாமல் ஹாரன் அடித்துவிட்டு இடித்திருக்கிறார், அப்படியானால் அது வேண்டுமென்றே செய்தது, விபத்தே இல்லை. பூக்காரரும் ஆத்திரத்தில் சில இடங்களில் "வேணும்னேதான் இடிச்சான்" என்று சொல்லியிருந்தார். பின்னால் வந்த காருக்குள் இருந்தவர் என்ன நினைத்தார் என்று முன்னால் போனவருக்கு எப்படித் தெரியும்? பார்த்ததைச் சொல்லலாம், நினைத்ததைச் சாட்சியமாகச் சொல்லக் கூடாது. அப்படியே வைத்துக்கொண்டாலும், 2000இல் ஓர் ஆட்டோ ஓட்டுநர் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் முதன்மை நோக்கம் எது என்று பார்க்கச் சொன்னது. வண்டியைத் திருடும் நோக்கத்தில் நடந்த கொலையைக்கூட இழப்பீட்டுக் கணக்கில் விபத்தாகவே எடுத்தது. முந்த வேண்டும் என்ற அவசரம் ஆளை முறிக்கும் நோக்கம் ஆகிவிடாது.

மூன்றாவது, விடியாத நேரம், பின்னால் விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லை, மூட்டை அகலமாக இருந்தது, ஆகவே அவர் பங்குக்கும் அலட்சியம். இதில் கொஞ்சம் வெட்டு விழலாம் என்றுதான் நினைக்கிறேன். சைக்கிள்களில் ரிஃப்ளெக்டர் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று மார்க்கெட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறோம், சாக்கு மூட்டையின் பின்பக்கத்திலேயே ஒட்டலாம், கேரியரில் ஒட்டினால் மூட்டை மறைத்துவிடும்.

எவ்வளவு கேட்பது? அவரிடம் வருமானச் சான்று எதுவும் இல்லை. பூக்கடைக்கு யார் சம்பளச் சீட்டு தருவார்கள். 2008இல் விபத்தில் காலிழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு, எந்தச் சான்றும் இல்லாமலேயே மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் எடுத்துக்கொண்டது. கூலிக்காரர், தள்ளுவண்டிக்காரர் வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறது, நாங்களும் அதையே வைத்திருக்கிறோம். அதைவிட முக்கியம் இயலாமையின் அளவு. மருத்துவக் குழு கொடுத்த சதவீதம் சின்னது, மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை, பிடிமானம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் சரம் கட்டுபவருக்கு இடது கை என்பது பூவை இரண்டிரண்டாக அடுக்கிப் பிடிக்கும் கை, நாருக்கு இழுவை கொடுப்பதும் அதுதான், மணிக்கணக்கில் அது ஒரே கோணத்தில் வளைந்திருக்க வேண்டும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: உடம்பின் ஊனம் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்காதே, அந்த ஆளின் தொழிலில் அது எவ்வளவு வருமானத்தைக் கொண்டுபோகிறது என்று பார். கையை இழந்த குமாஸ்தா வேலையில் தொடரலாம், தச்சரும் ஓட்டுநரும் தொடர முடியாது. பூக்காரர் இப்போது மார்க்கெட்டில் உதிரிப் பூவாக வாங்கி உதிரியாகவே விற்கிறார், கட்டுக் கூலி முழுதும் போய்விட்டது. எங்கள் மனுவில் அதிகப் பக்கம் இதற்குத்தான் ஒதுக்கியிருக்கிறோம்.

இப்போது

குற்றப்பத்திரிகை தாக்கலாகி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இருக்கிறது. எல்லாமே ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள், கார்க்காரர் ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை. அவருக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். வெளிநாட்டு வேலை கைகூடி வந்த நேரம், பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது, குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. தண்டனை உறுதியானால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 20இன்கீழ் லைசென்ஸையும் நீதிமன்றம் நிறுத்திவைக்கலாம். கார் கொடுத்த மைத்துனர் எதிர்மனுதாரராகத் தீர்ப்பாயத்துக்கு நடக்கிறார், அவருக்கு அன்றைக்கு அந்த ரோட்டில் என்ன நடந்தது என்பதே சம்மன் வந்த பிறகுதான் தெரியும்.

கார்க்காரர் தரப்பில் மறுபடி ஆள் அனுப்பினார்கள், இந்த முறை நேராகப் பூக்காரர் வீட்டுக்கே. அவர் சொன்ன பதில், "காசை கோர்ட்டு சொல்லட்டும். சட்டையைப் பிடிச்சதுக்கு அந்தத் தம்பியே வந்து எங்கிட்ட பேசட்டும், அப்புறம் பாக்கலாம்." இதுவரை வரவில்லை. அடுத்த வாய்தா எலும்பு டாக்டரின் சாட்சியத்துக்கு, எந்த விழுதலில் முறிந்தது என்பதை அவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று வக்கீலுடன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.